இரண்டு பாட்டில் தண்ணீர்

கராத்தேப் போட்டிகளில் எடை பார்க்கும் வரிசையில் என்னையும் அக்காவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் முந்தைய நாள் மதியத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடிய களைப்போடு, உதடு வெடித்து நிற்பாள். அவளுக்குப் பின்னால் நான் இரண்டு பாட்டில் தண்ணீரையும் தட்டு நிறைய இட்லியையும் வயிற்றில் சுமந்துகொண்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே தேடிக்கொண்டு நிற்பேன். அவள் ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டும். நான் ஐம்பத்தைந்துக்கு மேலே ஏற வேண்டும். ஒரே அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பெண்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்றால், அதற்கு எங்கள் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். தாத்தா காலத்திலிருந்தே எங்களுக்கு ஜீவனஹள்ளியில்தான் வீடு, பேச்சில் கன்னடமும் கலந்துவிட்டது. எங்களை லிங்கராஜபுரத்து மாடி ஹால் ஒன்றில் நடந்த கராத்தே வகுப்பில் சேர்த்ததும் அவர்தான். அக்கா ஒன்பதாவது படித்தாள், நான் ஏழாவது. பெண் பிள்ளைகள் பஸ்ஸில் தைரியமாகப் போய் வர வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. இரண்டு மாதம் கோடை வகுப்பு, ஒரு பெல்ட், ஒரு சான்றிதழ், அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அது நிஜமாகவே அடித்துக்கொள்ளும் கராத்தே என்பது அவருக்குத் தெரியாது. கையில் உறை கிடையாது, மார்பில் கவசம் கிடையாது. முகத்தில் குத்தக்கூடாது, ஆனால் முகத்தில் உதைக்கலாம். வயிறு, விலா, தொடை எல்லாம் தாராளம். முதல் வாரம் நாங்கள் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அம்மா வகுப்பை நிறுத்தச் சொன்னாள். எங்களுக்கு அதற்குள் ருசி பிடித்துவிட்டது.

கல்லூரி நாட்களில், பெரியவர்களுக்கான முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோதுதான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. பெண்களுக்கு இரண்டே எடை வகுப்புகள்: ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே, ஐம்பத்தைந்துக்கு மேலே. கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோட்டிலேயே நின்றோம். அக்கா ஒரு கிலோ ஜாஸ்தி இருப்பாள், அவ்வளவுதான். மாஸ்டர் இருவரையும் கீழ் வகுப்பில் எழுதியிருந்தார். அப்பா அதைக் கேட்டதும் ஹாலுக்கே வந்துவிட்டார்.

"நான் இதுங்களைச் சேர்த்தது மத்தவங்ககிட்ட தப்பிக்க, மாஸ்டர். ஒருத்தியை ஒருத்தி அடிச்சுக்க இல்ல. ஊரே பார்க்க அக்கா தங்கச்சி அடிச்சுக்கிட்டா நான் எங்க மூஞ்சியை வெச்சுக்கிறது? அதெல்லாம் பேடா, வேண்டாம்."

"ஒரே கிளாஸ்ல வந்தா மோதித்தான் சார் ஆகணும்," என்றார் மாஸ்டர்.

"அப்ப கிளாஸை மாத்துங்க."

கிளாஸை மாற்ற முடியாது, உடம்பைத்தான் மாற்ற முடியும். யார் உடம்பை எந்தப் பக்கம் மாற்றுவது என்பதையும் அப்பாவே முடிவு செய்தார். அக்கா என்னைவிட நல்ல உயரம். கை கால் நீளம். புத்தியுள்ள யாராக இருந்தாலும் அவளை மேலே அனுப்பி, குட்டையான என்னைக் கீழே வைத்திருப்பார்கள். அப்பா வேறு மாதிரி யோசித்தார். "பெரியவ வாயைக் கட்டுவா. சின்னவளுக்கு அது வராது," என்றார். இருபது வருடம் எனக்குச் சாப்பாடு போட்டவருடைய தீர்ப்பு, நான் என்ன சொல்ல? அப்போது நான் வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு சட்டம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அக்காவுக்கு வெள்ளரிக்காயும் மோரும், எனக்கு முட்டையும் வாழைப்பழமும் நெய் விட்ட பொங்கலும். "ஒருத்திக்குப் பட்டினி, ஒருத்திக்குப் பந்தி, எனக்கு ரெண்டு வேலை," என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பா எடை மெஷின் ஒன்றை வாங்கி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே இரண்டு பேரையும் ஏறச் சொல்வார். அக்காவைப் பார்த்து, "இன்னும் கம்மியாகணும்." என்னைப் பார்த்து, "இன்னும் ஏறணும்." நான் எவ்வளவு சாப்பிட்டாலும் அரைக் கிலோவுக்கு மேல் ஒட்டாது. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று உறவுக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அதனால்தான் கடைசி நாளில் தண்ணீர்.

மாஸ்டரும் அப்பாவுக்குப் பயந்து, பயிற்சியில்கூட எங்களை ஜோடி சேர்ப்பதை விட்டுவிட்டார். அக்கா அந்த மூலை, நான் இந்த மூலை.

ஐம்பத்தைந்துக்கு மேலே என்றால், எவ்வளவு மேலே என்பதற்குக் கணக்கே கிடையாது. நான் தண்ணீரால் ஐம்பத்தேழு. எதிரில் வருபவர்கள் அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தைந்து. மைசூரு பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் தொடையில் ஓர் உதை விட்டால் ஒரு வாரம் எனக்கு இந்திய முறைக் கழிவறை கிடையாது. மணி அடித்ததும் ஓடி வந்து கட்டிப்பிடித்து, "நோவாய்தா?" என்று நிஜமான கவலையோடு கேட்பாள். வலிக்கிறதா என்று அடித்தவளே கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அவளிடம் உதை வாங்கி உதை வாங்கித்தான் பெரிய உடம்புக்காரிகளோடு எப்படிச் சண்டை போடுவது என்று கற்றேன். தள்ளி நின்றால் காலைத் தூக்கி வீச இடம் கிடைத்துவிடும். அதனால் ஒட்டி நிற்க வேண்டும், அவள் மூச்சு நம் கழுத்தில் படுகிற அளவுக்கு. மூன்றாம் இடம், சில சமயம் அதுவும் இல்லை. இதுதான் என் சாதனை.

அக்கா கோப்பையாகக் கொண்டுவந்து அடுக்கினாள். எங்கள் வீட்டு ஷோகேஸில் பொம்மைகளெல்லாம் பின்னால் போய்விட்டன. "பெரியவ நல்லா ஆடுறா. சின்னவ சும்னே கூடப் போயிட்டு வர்றா," என்று சித்தி ஒருமுறை என் முன்னாலேயே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வகுப்பில், ஒரே எடையில் நின்றால் அக்காவை நான் ஜெயிப்பேன். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டால் போதும். பொறாமை இல்லை அது. அவள்தான் எனக்குத் தெரிந்தவர்களிலேயே நல்ல வீராங்கனை. நல்ல வீராங்கனையோடு மோத ஆசைப்படுவது தப்பா?

அந்த வாய்ப்பு நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், யாரும் எதிர்பாராமல் வந்தது. ஒரு போட்டியில் பெண்கள் ரொம்பக் குறைவாக வந்திருந்தார்கள். காலையில் எடையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, அமைப்பாளர்கள் இரண்டு வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார்கள். விளையாட்டு டீச்சர் அன்று வரவில்லை. மதியம் பார்த்தால் இறுதிப் போட்டியில் நானும் அக்காவும்.

ஒரே மாஸ்டரிடம் படித்தவர்கள் இறுதிக்கு வந்தால் ஒருத்தர் கால் வலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது வழக்கம். மாஸ்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அப்பா மாடியில உக்காந்திருக்காரு. யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்துடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரிடம், "அவ விட மாட்டா மாஸ்டர். நானும் விட மாட்டேன்," என்றாள்.

அந்த இரண்டு நிமிடத்தையும், அதற்குப் பின் கூடுதலாகக் கொடுத்த இரண்டு நிமிடத்தையும் நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அக்காவின் கை எவ்வளவு கனம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் முழங்கால் என் விலாவில் இறங்கியபோது அழுகைக்குப் பதில் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒட்டி நின்று அவள் வயிற்றில் குத்தினேன். அவள் "நல்லா இருக்குடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நடுவர் பேசக்கூடாது என்று அதட்டினார். சின்ன வயசில் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டதற்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அன்றைக்குத்தான்.

சமம் என்றார்கள். கூடுதல் சுற்றும் சமம். அப்போது விதிப்படி காலையில் எழுதிய எடையைப் பார்த்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எடை குறைந்தவருக்கு வெற்றி. அதற்குள் இருந்தால் இன்னொரு சுற்று. அக்கா ஐம்பத்து நான்கு சொச்சம். நான் ஐம்பத்தேழரையைத் தாண்டியிருந்தேன். அதில் இரண்டு கிலோ தண்ணீர். அதை மதியத்துக்குள் மூன்று முறை கழிவறைக்குப் போய்க் கொட்டியும் விட்டிருந்தேன். ஆனால் கழிவறைக்குப் போனதையெல்லாம் யார் கணக்கில் சேர்ப்பார்கள்? அக்கா கையைத் தூக்கினார்கள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அவளுக்கும் இன்னொரு சுற்று வேண்டியிருந்தது.

வெளியே வந்து தேடினால் அப்பா மாடியில் இல்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டதுமே எழுந்து போய்விட்டாராம். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து, சட்டையெல்லாம் வேர்த்து நின்றுகொண்டிருந்தார். யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மார்பை அடைக்கிறது என்றார். டாக்டர் பார்த்துவிட்டு வெறும் வாயு என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் வீடு பயந்துவிட்டது.

எனக்கு விலாவில் ஐஸ் வைத்துக்கொண்டே அக்கா ரகசியமாகச் சொன்னாள். "அடுத்த வருஷம் நீ தண்ணி குடிக்காம வா. ரெண்டு பேரும் கீழ் கிளாஸ். பார்த்துடலாம்."

"நெஜமா?"

"நெஜமாடி. எனக்கு மட்டும் தெரிஞ்சுக்க ஆசை இல்லையா?"

அந்த ஒரு வருடம் நான் இருந்த ஒழுக்கத்தைப் பார்த்து அம்மாவே எனக்கு ஏதோ மன வருத்தம் என்று நினைத்துவிட்டாள். வேர்க்கடலையை நிறுத்தினேன். அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வரும்போது எழுந்து போய்விடுவேன். தள்ளி நின்று ஆடுகிறவளை எப்படி மடக்குவது என்று தனியாகப் பயிற்சி செய்தேன். அப்பா காலையில் மெஷினில் ஏறச் சொன்னால் பாக்கெட்டில் சாவிக்கொத்தையும் போனையும் போட்டுக்கொண்டு ஏறுவேன். அக்கா அதற்குள் கல்யாணமாகி ஒக்கலிபுரத்துக்குப் போய்விட்டாள். ஆனாலும் வகுப்புக்கு வந்தாள். அந்த மூலையிலிருந்து என்னைப் பார்த்து அவ்வப்போது புருவத்தைத் தூக்குவாள். அது போதும், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

போட்டி நாள் வந்தது. வரிசையில் நான் முன்னால் நின்றேன். மெஷினில் ஏறினேன். ஐம்பத்தைந்துக்குக் கீழே, நன்றாகக் கீழே. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொந்த உடம்பின் எடையில் நின்றேன். இறங்கித் திரும்பி அக்காவைத் தேடினேன்.

அவள் வரிசையில் பத்துப் பேர் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரிய பாட்டில். ஒன்று காலியாகித் தரையில் கிடந்தது. இன்னொன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் குடித்தாள். பழக்கமில்லாதவள். கழுத்தெல்லாம் வழிந்தது.

நான் கிட்டே போனேன். அவள் நிறுத்தவில்லை. பாட்டில் முடிந்த பிறகுதான் வாயைத் துடைத்தாள்.

"உன்கூட மோத வேண்டாம்னு அப்பா கேட்டாருடி," என்றாள். "நீ எடை இறக்கினது எப்படியோ தெரிஞ்சு நேத்து வீட்டுக்கு வந்திருந்தாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. அவரு அப்படிக் கேட்டதே இல்ல."

"உனக்கு மேல் கிளாஸ்ல ஆடி பழக்கம் இல்லக்கா."

"நீ ஆடலையா இத்தனை வருஷம்?"

எனக்கு வந்த கோபத்தில் காலிப் பாட்டிலை உதைத்தேன். அது போய் யாரோ ஒருத்தர் பை மேல் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அக்கா மெஷினில் ஏறினாள். ஐம்பத்தேழுக்குப் பக்கத்தில் காட்டியது. மேல் வகுப்பில் எழுதிக்கொண்டார்கள்.

என் வகுப்பில் அன்று நான் முதல் இடம். மூன்று பேரை அடித்தேன், யார் முகமும் இப்போது ஞாபகமில்லை. கழுத்தில் மெடலோடு, அக்காவுக்கு யோசனை சொல்ல அவள் பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு அரையிறுதியில் அந்த விளையாட்டு டீச்சர்.

"ஒட்டி நில்லு," என்று சொல்லி அனுப்பினேன். "தள்ளி நிக்காத. பயமா இருந்தாலும் ஒட்டி நில்லு." அவள் தலையாட்டினாள். ஆனால் உடம்பு பழகிய பழக்கத்தைத்தானே செய்யும்? கீழ் வகுப்பில் அவளுடைய நீளமான காலுக்குத் தள்ளி நிற்பதுதான் வசதி. அதில்தான் அத்தனை கோப்பையும் வந்தது. அவள் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். வீச இடம் கிடைத்துவிட்டது. எழுபது கிலோவுக்குக் குறையாத அந்த உடம்பு முழுக்க இடுப்பிலிருந்து சுழன்று வந்தது. தொடைக்கு வந்த உதை, அக்கா திரும்பியதில் முழங்காலில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மாடியில் இருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் மோதவில்லை என்ற நிம்மதியில் அன்று முதல் முறையாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த டீச்சர் அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. போட்டி நடந்த விரிப்பிலேயே உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்கும் இரண்டு முறை வந்தாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் வகுப்பில் அவள் ஆடினாள்.

இரண்டு அறுவை சிகிச்சை ஆயிற்று. அக்கா அதற்குப் பிறகு போட்டி விரிப்பில் ஏறவில்லை. அவள் இல்லாத வகுப்பில் எனக்கும் மனசு ஒட்டவில்லை. கொஞ்ச நாள் போய்விட்டு நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். அன்று அவள் என்னோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலாவில் நீலம் பாய்ந்திருக்கும். உதடு வீங்கியிருக்கும். ஒரு வாரம் ஒருத்திக்கொருத்தி ஒத்தடம் கொடுத்திருப்போம். அவள் காலை எங்கே வைப்பாள், எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். நான் அவள் முழங்காலை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டேன். அப்பா எங்களில் ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து காப்பாற்ற அத்தனை வருடம் பாடுபட்டார். அந்த ஹாலில் அக்காவுக்கு ஆபத்தில்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்றும் தெரியவில்லை.

அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். ரிடையர் ஆகி, அம்மா போன பிறகு, ஒருநாள் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அன்னிக்கு ஃபைனல்ல நீங்க ரெண்டு பேரும் நல்லா ஆடினீங்களாமே. மாஸ்டர் சொன்னாரு. நான் பார்த்திருக்கணும்," என்றார். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். எடை மெஷின் இன்னும் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் ஏறுவதில்லை.

அக்கா வீடு ஒக்கலிபுரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை அவளை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போக நான் போயிருந்தேன். நானும் வருகிறேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் அவரைக் கீழே ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு மேலே ஏறினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்குக் கஷ்டம். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை என் தோளில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள். "ஏண்டி, அன்னிக்கு இன்னொரு ரவுண்டு குடுத்திருந்தா யாரு ஜெயிச்சிருப்பா?"

"நான்தான்."

"ஆசையப் பாரு," என்று சிரித்தாள். "உன்னை விட்டிருப்பேனா நான்?"

கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

"இல்லப்பா, வந்துட்டோம்," என்று அக்கா சத்தமாகச் சொன்னாள். பிறகு காலைக் கீழ்ப்படியில் வைத்தாள். கால் நடுங்கியது. கம்பியை விட்டுவிட்டு மொத்தமாக என் மேல் சாய்ந்தாள்.

"கனமா இருக்கேனாடி?"

"இல்லக்கா," என்றேன். "ஒட்டி நில்லு."